பார்ட்டுலா

பார்ட்டுலா என்பது பசிபிக் தீவுக் காடுகளில் வாழும் மர நத்தைப் பேரினம். இவற்றுக்குச் செவுள் இல்லை. ஓட்டுக்குள் உள்ள ஓர் அறையே நுரையீரலாக வேலை செய்கிறது. பெரும்பாலும் 2 செ.மீ. நீளத்தைத் தாண்டாத இவை, பகலில் இலையின் அடியில் ஒட்டிக் கிடந்து, இரவில் மட்கும் இலையையும் பூஞ்சையையும் பாசியையும் மேயும். முட்டையிடாமல் குட்டி ஈனும், அதுவும் ஒரு முறைக்கு ஒன்றுதான்.

ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் முதல் கடற்பயணத்தில், 1769-இல் ராயடேயா தீவிலிருந்து இதன் ஓடு ஐரோப்பாவுக்குப் போனது. 1821-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெருசாக் பேரினத்துக்குப் பெயரிட்டார். தீவு மக்களுக்கோ இவை மாலை கோக்கும் ஓடுகளாக முன்பே பழக்கம்.

பார்ட்டுலாவின் பெயர் நிலைத்தது ஹென்றி கிராம்ப்டனால். அமெரிக்கரான இவர் 1906 முதல் தீவு தீவாக அலைந்து, பள்ளத்தாக்குவாரியாக ஓடுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாக அளந்தார். அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளிலேயே நிறமும் அளவும் சுருளும் திசையும் மாறியிருந்தன. 1916, 1925, 1932 ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய மூன்று பெருநூல்களும் பரிணாம ஆய்வில் பொறுமைக்கு இலக்கணம். பின்னர் பிரையன் கிளார்க்கும் ஜேம்ஸ் மர்ரேயும் மோரேயா தீவில் அதே நத்தைகளின் மரபியலை ஆராய்ந்தனர்.

1967-இல் பார்ட்டுலா வாழும் தாகித்தித் தீவில் ஆப்பிரிக்கப் பெருநத்தை புகுந்தது. 1847-இலேயே கொல்கத்தாவுக்கு வந்து, இன்று மழைக்காலத்தில் நம் தோட்டங்களை மேய்கிறதே, அதே நத்தைதான். அதை ஒழிக்க யூகிளாண்டினா ரோசியா என்னும் ஊனுண்ணி நத்தையை 1974-இல் தாகித்தியிலும் 1977-இல் மோரேயாவிலும் விட்டார்கள். இதே நத்தையை 1955-இல் ஹவாயில் விட்டு, அங்குள்ள மர நத்தைகளைப் பறிகொடுத்திருந்தும் இப்படிச் செய்ததை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. யூகிளாண்டினா சளித்தடத்தை மோப்பம் பிடித்துப் பின்தொடர்ந்து இரையைப் பிடிக்கும். பெருநத்தை தப்பியது; நிதானமாகப் பெருகும் பார்ட்டுலா அகப்பட்டுக்கொண்டது. மோரேயாவில் ஏழு இனங்கள் இருந்தன. 1987-இல் தேடியவர்களுக்கு உயிருள்ள ஒன்றுகூடக் கிட்டவில்லை. ராயடேயாவைச் சேர்ந்த பார்ட்டுலா டர்ஜிடாவின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் ஒட்டுண்ணி நோயால் இறந்தது.

அழிவதற்குள் மீட்ட சிலவற்றைக் காட்சியகங்கள் பெட்டிகளில் வைத்துப் பெருக்கின. 2015 முதல் அவற்றின் வழித்தோன்றல்களைத் தீவுகளில் விட்டுவருகிறார்கள், ஓட்டில் ஒரு சாயப் புள்ளி வைத்து. புள்ளியில்லாத, அதாவது காட்டிலேயே பிறந்து வளர்ந்த பார்ட்டுலா டோகிவியானா கண்டெடுக்கப்பட்டபின், 2024-இல் அந்த இனம் ‘காட்டில் அற்றுப்போனவை’ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.