உடன்வந்த உலாவி

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வடக்கே இரண்டு நிலையம் சென்றால் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் சேர்ந்து 2005-ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியின் பயனாக 2007-இல் 'பாஸ்' என்னும் இயங்குதளம் வெளிவந்தது. விண்டோஸ் ஊரெங்கும் பரவியிருக்க, இவ்வுழைப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1995-இல் இணையம் கண்டோரிற் பெரும்பாலோர் நெட்ஸ்கேப் என்னும் உலாவியையே பயன்படுத்தினர். மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்புளோரர் என்ற தன் உலாவியைத் தனி விலையின்றி விண்டோஸோடு சேர்த்தளித்தது. இலவசம் என்ற அளவில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் கணிப்பொறி செய்து விற்போர் அதனை நீக்கலாகாது என்று ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருந்ததே! 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு 2000-இல் நீதிபதி ஜாக்சன் ஆணையிட்டார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிவினையைத் தள்ளிற்று. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது உண்மை என்பதை மட்டும் நிலைநிறுத்திற்று. அதற்குள் நெட்ஸ்கேப் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய் நலிந்துவிட்டது. நீதி வந்தது; வாதியின் பக்கம் நின்றவனுக்குத்தான் உதவவில்லை.

இவ்வழக்கு நமக்கு அயலானதன்று. அந்நாளில் தமிழ் இதழ்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென எழுத்துருவை வைத்திருந்தன. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்ப எக்ஸ்புளோரருக்கு ஒரு முறை, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு முறை. முன்னது பெருகப் பெருக, அதற்கு மட்டுமே பொருந்தும் பக்கங்களும் பெருகின. பிற உலாவியில் திறந்தாலோ, தமிழ் இருக்குமிடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்! தாய்மொழியைப் படிக்க எந்த உலாவி வேண்டும் என்பதை எங்கோ ஒரு நிறுவனத்தின் வணிகம் தீர்மானித்தது. ஒருங்குறி பரவியபின்னரே இவ்விடர் நீங்கிற்று. தமிழக அரசு அதனை 2010-இல் ஏற்றது.

குரோம்பேட்டையின் 'பாஸ்' இயங்குதளத்திலும் ஓர் உலாவி உடன்வந்தது. அது ஃபயர்பாக்ஸ் வழியைச் சேர்ந்தது. அதாவது, 1998-இல் நெட்ஸ்கேப் தன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டதன் வழித்தோன்றல். பிடிக்காதவர் அதை நீக்கி வேறொன்றை வைத்துக்கொள்ளத் தடையில்லை. வேற்றுமை அதில்தான் உள்ளது.

எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15 அன்று ஆதரவு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், கைப்பேசிகளிற் குரோம் முதலியவற்றைக் கட்டாயமாகச் சேர்த்ததையும் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. நோயாளி மாறினான், நோய் பழையதே. தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியையடுத்து இயங்கும் ஜோஹோ நிறுவனம் 2023-இல் 'உலா' என்னும் உலாவியை வெளியிட்டது. மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025-இல் முதற்பரிசும் பெற்றது. அழகிய தமிழ்ப் பெயர்தான். எனினும் அதன் அடித்தளம் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம். மைக்ரோசாப்டின் இன்றைய எட்ஜும் அதே அடித்தளத்தின்மீதுதான் நிற்கிறது.