கழற்றிப் போட்ட பல்சக்கரம்



கும்மிடிப்பூண்டியில் நம் மாணவன் ஒருவன் பழைய லேத்தை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே சி.என்.சி. ஆக மாற்றி, சிப்காட் கம்பெனிகளுக்கு வேலை செய்து தருகிறான். போன மாதம் பார்த்தபோது முகம் வாடியிருந்தது.

"சார், பித்தளையில மரை சரியா வருது. இரும்புல போட்டா நட்டு பாதியிலேயே இறுகிடுது. நேத்து ஒரு பெட்டி திரும்பி வந்திடுச்சு. மெஷினை வித்துடலாம்னு இருக்கேன்."

எனக்கு லேத் ஓட்டத் தெரியாது. தொழிற்புரட்சிப் பாடம் நடத்திய வாத்தியார்தான். அதற்கு முன்பெல்லாம் ஒருவர் செய்த நட்டு இன்னொருவர் போல்ட்டில் பெரும்பாலும் சேராது. 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே, வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலையும் டூலை நகர்த்தும் லீட் ஸ்குரூவையும் பல்சக்கரங்களால் பிணைத்தார். ஸ்பிண்டில் தயங்கினால் டூலும் தயங்கும். 1.5 மி.மீ. மரை என்றால் சுற்றுக்கு 1.5 மி.மீ.தான். அவர் பட்டறையில் வேலை பார்த்த விட்வொர்த், 1841-இல் மரைக்கு 55 டிகிரி என்று பொது அளவு வகுத்தார். இப்படி ஒரு லேத் இல்லாமல் அந்த அளவு ஏட்டோடு நின்றிருக்கும்.

"பல்சக்கரமெல்லாம் எங்கேடா?" என்றேன். மூலையில் கிடந்தது. பதிலுக்கு ஒரு சென்சார், சுற்றுக்கு ஒரே சிக்னல். கன்ட்ரோலர் தொடக்க வேகத்தை மட்டும் பார்த்து டூலை ஓட்டிவிடுகிறது. இரும்பில் ஆழமாக வெட்டும்போது பெல்ட் வழுக்கி ஸ்பிண்டில் மெதுவாகிறது. டூலுக்கு அது தெரியாது.

அன்றே பெல்ட்டை இறுக்கி, வெட்டும் ஆழத்தைக் குறைத்தான். நட்டு கடைசிவரை ஓடியது. வேகத்தை இடைவிடாமல் சொல்லும் என்கோடர் வாங்கப்போகிறானாம். பல்சக்கரங்களை எடைக்குப் போடாதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.