வேடரும் வேட்டைச் சட்டமும்

பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் என்றொரு பழைய கிறிஸ்தவ ஆலயம் உண்டு. நமுனுகுலத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்து போவோர் பலர் அதைக் கண்டிருப்பர்; அது எவர் நினைவாக எழுந்தது என்பதை அறிந்தவர் சிலரே. ஊவாவில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸின் ஞாபகச் சின்னம் அது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்ற இந்தத் துரை, 1845 ஜூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார்.

இதைத் தனியொருவரின் வெறியென ஒதுக்கிவிடுவதற்கில்லை. அக்காலத்தில் யானையைக் கொன்றவனுக்கு அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் 3,500 யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் தமது நூலில் குறித்துள்ளார். இதற்குள் 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாக்கிவிட்டது. அக்காணி கோப்பித் தோட்டத் துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டது. காட்டை வெட்டியவர்கள் யார்? தமிழகத்திலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டு வந்த நம் முன்னோரும் அக்கூலிக் கூட்டத்தில் இருந்தனர்.

காடு சுருங்கியபின்தான் துரைமாருக்கு விலங்குகள்மீது கருணை பிறந்தது! வேட்டைப் பிரியர்களான தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் கூடி 1894 இல் வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். விலங்குகள் அருகியதற்கு இறைச்சிக்கும் தோலுக்குமாக வேட்டையாடிய கிராமத்தானே காரணம் என்பது அவர்களுடைய ஓயாத முறைப்பாடு. 1909 இல் ஒரு வேட்டைச் சட்டம் வந்தது. 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இப்பிந்திய சட்டம் தேசியப் பூங்காக்களில் வேட்டையைத் தடுத்தது. ஆயினும் அவற்றையடுத்து 'இடைநிலை வலயம்' என ஒன்றை வகுத்து, அனுமதிப் பத்திரம் பெற்றவன் பருவகாலத்தில் அங்கே சுடலாம் என்றது. பொழுதுபோக்குக்காகச் சுடுபவனுக்குப் பத்திரம் இருந்தது. பசிக்காக அம்பெய்பவனுக்கு அது ஏது?

அம்பெய்தவர்கள் வேடர்கள். வன்னியலத்தோ, அதாவது காட்டு மக்கள், என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். ஊவாவின் வடக்கே, மகியங்கனைக்கு அப்பாலுள்ள தம்பானை அவர்களது முதன்மையான இருப்பிடங்களுள் ஒன்று. சட்டமறியாக் காட்டுமனிதர் என்று இவர்களைச் சொல்வது வழக்கம். ஆனால் 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆராய்ச்சி நூல் வேறு கதை சொல்கிறது. ஒவ்வொரு குடும்பக் குழுவுக்கும் எல்லை வரையறுத்த வேட்டை நிலம் இருந்தது. பிறர் நிலத்தில் கேளாமல் புகுந்து வேட்டையாடுவது தவறு. எழுத்தில் இல்லாவிடினும் அது சட்டமே. மேலும், வில்லும் கோடரியும் கொண்டு பிடித்த இரை ஒரு குழுவின் வயிற்றுக்கு மேற்பட்டதல்ல.

1911 குடிசன மதிப்பீட்டில் 5,332 ஆகக் காணப்பட்ட வேடர், 1946 இல் 2,361 ஆகக் குறைந்தனர். எல்லோரும் மாண்டுபோகவில்லை; பலர் அயலிலுள்ள சிங்களவராகவும் தமிழராகவும் எழுதப்பட்டனர். வாகரைப் பக்கத்து வேடர் இன்றும் தமிழ் பேசுகின்றனர்.

நிற்க. அந்நியர் போனபின் நேர்ந்ததென்ன? கல்லோயாத் திட்டம் வேடரின் காட்டை நீரில் மூழ்கடித்தது. மகாவலித் திட்டம் வந்தபோது, நீர்ப்பிடிப்புக் காட்டைக் காக்கவென்று 1983 நவம்பர் 9 ஆம் நாள் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. வேடரின் வேட்டைக் காடு அதற்குள் அகப்பட்டது. நேற்றுவரை தேனெடுத்த மரத்தை அணுகுவது இன்று அத்துமீறல்! ஹெனானிகல முதலிய குடியேற்றங்களில் அவர்களுக்கு வயலும் வீடும் தரப்பட்டன. பலர் சென்றனர். முதிய தலைவர் ஊருவரிகே திசாகாமி மட்டும் சில குடும்பங்களுடன் தம்பானையை விட்டு அசைய மறுத்து, 1998 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

விலங்குகளைக் காக்க வேண்டாமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். காக்கத்தான் வேண்டும். துப்பாக்கியோடு மான் இறைச்சி வியாபாரம் செய்வோரைத் தடுக்காமல் காடு பிழைக்காது. வேடர்களுள்ளும் துப்பாக்கி எடுத்தவர் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் எத்தனை இரை, எப்பருவத்தில், எக்காட்டில் என்பதை அவர்களோடு கூடியிருந்து வகுப்பதற்குத் தடை என்ன? கனடா 1982 அரசியலமைப்பில் பூர்வகுடிகளின் உரிமைகளை ஏற்றது. வேட்டையும் மீன்பிடியும் அவற்றில் அடங்குமென நீதிமன்றங்கள் தீர்த்தன. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ தேனுக்கும் கிழங்குக்கும் உரிமை தந்து, வேட்டையை வெளிப்படையாக விலக்கிவிட்டது. பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007 இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது.

திசாகாமியின் மகனும் அடுத்த தலைவருமான வன்னியலத்தோ, 1996 இலேயே ஜெனீவா சென்று ஐ.நா. செயற்குழுவின்முன் தம் மக்களின் வழக்கைச் சொன்னவர். 2020 இல் அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. இம்முறை வழக்கு வேட்டையைப் பற்றியதன்று: பொல்லபெத்தப் பகுதியில் வேடரின் பாரம்பரியக் காடு சோளப் பயிர்ச்செய்கைக்காக இயந்திரங்களால் அழிக்கப்படுவதைத் தடுக்குமாறு, சூழல் அமைப்பொன்றுடன் சேர்ந்து அவர் மனுச் செய்தார்.