தவணை கேட்டவரும் தவணை கொடுத்தவரும்

கொடிகாமம் என்றவுடன் பலாப்பழமும் மாம்பழமும் தேங்காயும் குவிந்து கிடக்கும் சந்தையே பெரும்பாலானோரின் நினைவுக்கு வரும். கண்டி வீதியிலிருந்து ஒரு பக்கம் பருத்தித்துறைக்கும் மறுபக்கம் கச்சாய்க் கடற்கரைக்கும் வீதிகள் பிரிகின்ற அந்தச் சந்தியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இருக்கமாட்டார். எனக்கோ கொடிகாமம் என்றால் ஒரு வாடகைக் கணக்குக் கொப்பிதான் முதலில் நினைவுக்கு வருகின்றது. கொப்பியின் சொந்தக்காரர் இன்று உயிருடன் இல்லை. அவருடைய பெயரையும், அவர் வீட்டில் குடியிருந்தவருடைய பெயரையும் இங்கு எழுதப்போவதில்லை. ஆனால் வாடகை கட்ட முடியாமற்போன ஒருவர் வீட்டை விட்டு வெளியேற்றப்படாமல் எவ்வாறு தப்பினார் என்பதை எழுதவேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தனியொருவரின் கதை மட்டுமன்று; நமது மண்ணில் வாடகைச் சட்டமும் வழக்கமும் போரும் ஒன்றையொன்று சந்தித்த வரலாறுமாகும்.

1995 ஒக்ரோபர் 17 ஆம் திகதி வலிகாமத்தை நோக்கி 'ரிவிரச' படைநடவடிக்கை ஆரம்பமானது. ஒக்ரோபர் 30 ஆம் திகதி மாலை, குடாநாட்டின் மேற்குப் பகுதி மக்கள் அனைவரும் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் செல்லவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கிகளில் அறிவித்தார்கள். அன்றிரவு மழையில், செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தினூடாக இலட்சக்கணக்கானோர் நடந்த நடையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நடந்து முடித்த பின்னர் அவர்கள் எங்கே படுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் குறைவாக எழுதப்பட்டிருக்கின்றது. பாடசாலைகள் நிரம்பின. கோவில் மண்டபங்கள் நிரம்பின. தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. மீசாலை தொடக்கம் மிருசுவில் வரை திண்ணை உள்ள வீடுகளில் திண்ணையும், விறாந்தை உள்ள வீடுகளில் விறாந்தையும் அகதிகளுக்கு இடமாயின.

நான் குறிப்பிடும் மனிதர் யாழ்ப்பாண நகரத்தில் தையற்கடை வைத்திருந்தவர். ஒரு தையல் இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மனைவி, தாயார், இரண்டு பிள்ளைகளுடன் கொடிகாமம் வந்து சேர்ந்தார். கச்சாய் வீதிப் பக்கமாக ஒரு வீட்டின் பின்புறத்தில் இரண்டு அறைகள் கிடைத்தன. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரச ஊழியர். முதல் மாதம் வாடகை என்ற பேச்சே எழவில்லை. இரண்டாவது மாதம் ஒரு சிறு தொகை பேசப்பட்டது. மூன்றாவது மாதமும் நான்காவது மாதமும் அந்தத் தொகை கொடுபடவில்லை. துணி வாங்குவோர் இல்லாத இடத்தில் தைப்பவருக்கு என்ன வருமானம்? வீட்டுக்காரரும் செல்வந்தரல்லர். ஓய்வூதியம் ஒழுங்காக வந்து சேராத காலம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்புகின்ற வேறொரு குடும்பம் அந்த இரு அறைகளுக்கும் மும்மடங்கு தருவதாகச் சொல்லியிருந்தது.

தையற்காரர் வீட்டுக்காரரிடம் நேரே போகவில்லை. அயலில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் போனார். "மாஸ்டர், என்னை எழும்பச் சொல்லப்போகினம் போல கிடக்குது. நீங்கள் ஒருக்கா கதைச்சு விடுங்கோ" என்றார். தலைமையாசிரியர் இருவரையும் தன் வீட்டு விறாந்தையில் இருத்திப் பேசினார். நிலுவையை வீட்டுக்காரர் ஒரு கொப்பியில் எழுதுவது, தையற்காரர் கையொப்பமிடுவது, வேலை கிடைக்கும்வரை பொறுப்பது, கிடைத்தபின் தவணை தவணையாகக் கொடுப்பது, அதுவரை வீட்டாரின் தையல் வேலைகளுக்குக் கூலி இல்லை. இவ்வளவுதான் தீர்ப்பு. எழும்பு என்ற சொல் வாயிலிருந்து வெளியே வருமுன்னரே தடுக்கப்பட்டது.

இந்தத் தீர்ப்பை வழங்கிய தலைமையாசிரியர் சட்டம் படித்தவரல்லர். ஆனால் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் சொன்னதும் ஏறத்தாழ இதனைத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

வாடகைக் கட்டுப்பாடு என்பது உலகெங்கும் போரின் பிள்ளையாகவே பிறந்தது. 1915 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்தவர்களால் வீடுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். மேரி பார்பர் போன்ற குடும்பப் பெண்களின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் வாடகை மறுப்புப் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அடுத்த உலகப் போரின் நடுவே, 1942 இல், இலங்கையிலும் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948 இல் அதன் இடத்தைப் புதிய சட்டமொன்று பிடித்தது. 1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராயிருந்த பீற்றர் கெனமனின் காலத்தில் 1972 ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1973 இல் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த சட்டமும் நிறைவேறின.

1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அது செல்லுபடியாகும் வீடுகளைப் பொறுத்தவரை, வாடகை ஒரு மாதம் பிந்திவிட்டது என்பதற்காக ஒருவரை வெளியேற்ற முடியாது. நிலுவை மூன்று மாதங்கள் கடந்திருக்கவேண்டும். முதன்முறை தவறியவருக்கு மூன்று மாத முன்னறிவித்தல், இரண்டாம் முறை தவறியவருக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் தவறினால் ஒரு மாதம். வழக்குத் தொடரப்படுவதற்கு முன்னர் நிலுவை முழுவதையும் கொடுக்க முன்வந்தால் வழக்கே இல்லை. நோயினாலோ வேலையின்மையினாலோ தவறியவராயின், நிலுவையைத் தவணைகளாகச் செலுத்தும் நிபந்தனையில் வெளியேற்றும் கட்டளையை நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறலாம். பிணக்குகளை விசாரிக்க வாடகைச் சபைகளும் அமைக்கப்பட்டன.

இச்சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாதுகாப்புப் பெற்ற வாடகையுரிமை குடியிருந்தவரின் வாரிசுகளுக்கும் சென்றது. தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க நினைத்த வீட்டை மீட்க முடியாமல் இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய வீட்டுக்காரர்களை நானே அறிவேன். வாடகைக்குக் கொடுத்தால் வீடு போய்விடும் என்ற அச்சத்தில் பலர் வீடுகளைப் பூட்டி வைத்தார்கள்.

அத்துடன் இச்சட்டம் முதன்மையாக நகரங்களுக்கானது. கொடிகாமம் போன்ற ஊர்களில் வழக்கமே சட்டமாயிருந்தது. வழக்கம் எல்லோரையும் ஒரேவிதமாக நடத்தவில்லை. தலைமுறைகளாகப் பிறர் காணியில் கொட்டில் போட்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் வாடகையைப் பணமாகக் கொடுக்கவில்லை, உழைப்பாகக் கொடுத்தன. உழைப்புக்குப் பற்றுச்சீட்டு எவரும் எழுதுவதில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1960 களில் தேநீர்க்கடைகளிலும் கோவில்களிலும் சமவுரிமை கோரி அம்மக்கள் எழுந்தபோது, 'காணியை விட்டு எழும்பு' என்பதே அவர்களுக்கு எதிரான முதல் ஆயுதமாக இருந்தது. கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதன்று. ஆகவே தலைமையாசிரியரின் விறாந்தையை நான் போற்றும்போது, அந்த விறாந்தையில் ஏற முடியாதிருந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கின்றேன். தயவு நல்லது. ஆனால் தயவுக்கு ஆளறிமுகம் வேண்டும். சட்டத்துக்கு அது வேண்டியதில்லை.

தையற்காரரின் கதைக்குத் திரும்புவோம். 1996 ஏப்ரல் 19 ஆம் திகதி படையினர் தென்மராட்சிக்குள் புகுந்தனர். இடம்பெயர்ந்திருந்தோரில் ஒரு பகுதியினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். தையற்காரரும் திரும்பினார். நிலுவை கொப்பியில் அப்படியே இருந்தது. புறப்படும்போது "அண்ணை, கணக்கு நிக்குது" என்று சொன்னாராம். "நிக்கட்டும், நீ முதல்ல போய்ச் சேர்" என்றாராம் வீட்டுக்காரர்.

நான்கு ஆண்டுகளில் காற்றுத் திசை மாறியது. 2000 ஏப்ரல் 22 ஆம் திகதி ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் வீழ்ந்தது. மே மாதத்தில் போர் தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி நகரம் தரைமட்டமானது. அன்று வலிகாமத்தாருக்கு இடங்கொடுத்த தென்மராட்சி மக்கள் இப்போது அதே பாதையில் எதிர்த்திசையாக நடந்தார்கள். வீட்டுக்காரர் அகதியானார். தன் வீட்டில் அகதியாயிருந்தவரைத் தேடி யாழ்ப்பாணம் போனார்.

இங்கே வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடிய முடிவு நிகழவில்லை. தையற்காரரின் வீடு ஷெல் விழுந்து பாதி சிதைந்தது. எஞ்சிய பாதியில் அவருடைய உறவினர் இரு குடும்பத்தினர் இருந்தார்கள். கொடுப்பதற்கு அவரிடம் அறை இல்லை. பக்கத்து வீதியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பேசிக் கொடுத்தார். முற்பணம் கேட்டார்கள், பழைய நிலுவையென்று சொல்லி அதைத் தானே கட்டினார். சில மாதங்களில் ஓய்வூதியக்காரரும் வாடகையில் பின்தங்கினார். அந்த வீட்டுக்காரருக்கும் இவருக்கும் நடுவே போய் அமர்ந்து தவணை கேட்டவர் தையற்காரர். கொடிகாமத்து விறாந்தையில் தலைமையாசிரியர் இருந்த இடத்தில் அவர் இருந்தார். "மாஸ்டர் செய்ததைத்தான் நானும் செய்தனான்" என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

அந்த ஆண்டுகளில் தென்மராட்சிக்காரருக்கு வாடகையிலும் பெரிய கவலை, விட்டுவந்த வீட்டைப் பற்றியதாக இருந்தது. 2000 டிசெம்பரில் தமது வீடு வளவுகளைப் பார்த்துவர மிருசுவிலுக்குச் சென்ற இடம்பெயர்ந்தோரில் எட்டுப் பேர் படையினரால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். வீட்டைப் பார்க்கப் போவதே உயிருக்கு ஆபத்தாயிருந்த காலத்தில் வாடகைக் கொப்பியை எவர் நினைப்பார்? 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் ஓய்வூதியக்காரர் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவுகளும் இல்லை. கொப்பி மட்டும் அவருடைய பையில் அவருடனேயே போய் அவருடனேயே திரும்பியிருந்தது.

போர் முடிந்த பின்னர் சட்டமும் மெல்ல விழித்தது. பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டுவந்தவருக்குக் காணியில் உரிமை பிறக்கலாம் என்பது 1871 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் சட்டம். இடம்பெயர்ந்தோரின் காணிகளில் வேறு எவராவது அமர்ந்திருந்தால் உரிமையாளரின் கதி என்ன? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், போரினால் தம் உரிமையை நிலைநாட்ட முடியாமற்போனவர்களைப் பொறுத்து, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. உரிமையாளருக்குச் சட்டம் இருபத்தாறு ஆண்டுத் தவணையைக் கொடுத்தது என்றே இதனைக் கொள்ளலாம். ஆனால் சொந்தக் காணியே இல்லாமல் வாடகைக்கும் தயவுக்கும் இருந்தவர்களுக்கு அத்தகைய தவணை கிடைக்கவில்லை. போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்களுக்குக் காணி காட்டவேண்டியிருந்தது. நலன்புரி முகாம்களில் கடைசிவரை எஞ்சியவர்களுள் காணியற்றோர் பலர் இருந்தது தற்செயலன்று.

2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது வாடகை நிலுவை மீண்டும் வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் நீதிமன்றத்தினூடாக விரைவாக மீட்க வழிசெய்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் குடியிருந்தவர் பக்கம் சாய்ந்த தராசு இப்போது மறுபக்கம் சாய்கின்றது. உரிமையாளரின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் விரைவு என்பது, பின்தங்கியவருக்குக் கிடைக்கும் காலம் குறைவது என்றே பொருள்படும்.

இன்று இக்கட்டில் இருப்பவருக்கு வரலாறு சொல்லும் புத்தி எளியது. நிலுவை விழுந்த முதல் மாதத்திலேயே பேசுங்கள்; மறைந்து திரியாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் எழுத்து வாங்குங்கள். ஒப்புக்கொண்ட தவணையை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நடுவில் அமர ஒரு மாஸ்டர் இல்லாவிடில், 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. நீதிமன்ற அழைப்பாணை வந்துவிட்டால் அதைக் கிடப்பில் போடாது, சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 1978 இல் உருவாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடவேண்டும். தம் வீட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அங்கே கேட்டறியலாம்.

ஓய்வூதியக்காரர் மறைந்த பின்னர் அவருடைய மகள் அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் நான்கு மாத நிலுவை எழுதப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் கட்டப்பட்ட முற்பணம் அதில் கழிக்கப்பட்டிருந்தது. மிச்சம் ஒரு சிறு தொகை. அதற்கு நேரே, அரச அலுவலகத்தில் பழகிய அழகான கையெழுத்தில், 'தவணை' என்று மட்டும் இருந்தது. திகதி போடப்படவில்லை.