துப்பாக்கியின் வார் யார் தோளில்?

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். காலேஜ்ல என்.சி.சி.யில் இருந்தப்போ ஒரு கேம்ப். முதுகுல பெரிய பை, வலது தோள்ல .303 ரைஃபிள். எடை சுமார் 4 கிலோ. நாலு எட்டு வைக்கறதுக்குள்ள ரைஃபிளோட வார், அதாங்க ஸ்லிங், பையோட பட்டை மேல வழுக்கி முழங்கைக்கு வந்துடும். தூக்கி விடு, நட, மறுபடி தூக்கி விடு. அன்னைக்கு மனசுக்குள்ள ஒரு கேள்வி: "இதையே தூக்கிட்டு மலையேறி வேட்டையாடினவங்க எப்படிய்யா சமாளிச்சாங்க?"

நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டைக் கதை படிப்படியா முடிஞ்சுது. நல்லதுதான். ஆனா இந்த வாரோட வரலாற்றைத் தேடிப் படிச்சப்போ கிடைச்சது வேற ஒரு கதை.

வேட்டைக்காரங்க ரொம்ப நாள் நம்பினது ராணுவ வாரைத்தான். அதுல பிரபலமானது அமெரிக்க ராணுவம் 1907-ல் ஏத்துக்கிட்ட தோல் வார். ஒண்ணேகால் அங்குல அகலம், ரெண்டு துண்டு, துளைகள்ல மாட்ட பித்தளைக் கொக்கிகள். இது சுமக்க மட்டுமில்லை, சுடவும் உதவும். நீளமான துண்டை வளையமாக்கி இடது மேற்கையில் இறுக்கிட்டா, துப்பாக்கியோட பாரத்தைத் தசைக்குப் பதிலா எலும்பு தாங்கும், குறி ஆடாது. பிரச்சினை என்னன்னா, மாட்டி இறுக்க நேரமாகும். அதுவரைக்கும் மான் நின்னு வேடிக்கை பார்க்குமா என்ன? :-)

சரி, அதே காலத்துல பெரிய துரைமாருங்க என்ன பண்ணாங்க? 1909-ல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். கூட 200-க்கும் மேற்பட்ட சுமைகாரங்க. அவரோட வின்செஸ்டர் 1895 ரைஃபிளையும் ஹாலண்ட் இரட்டைக்குழல் துப்பாக்கியையும் சுமக்கத் தனியா ஆட்கள். பகாரி, முகமது என்ற பேர்களை ரூஸ்வெல்ட்டே தன் புத்தகத்துல எழுதியிருக்கார். இவங்களுக்கு ஆங்கிலத்துல 'கன் பேரர்'னு பேரு. இந்தியாவுல ஷிகாருக்குக் கிளம்பின துரைமாருக்கும் இதே ஏற்பாடுதான். சுமக்கிறது அடுத்தவன் தோளா இருந்தா, வார் வழுக்குதா, தோள் காந்துதான்னு எஜமான் எதுக்குக் கவலைப்படணும்?

கவலைப்பட்டவங்க வேற ஆளுங்க. அமெரிக்காவின் ராக்கி மலைகள்ல எல்க் மான் தேடித் தனியா நடந்தவங்க. கூடாரம், சாப்பாடு, திரும்பும்போது இறைச்சி, எல்லாம் சொந்த முதுகுல. 1952-ல் டிக் கெல்ட்டி கலிஃபோர்னியாவில் அலுமினியச் சட்டம் வெச்ச பைகளை விற்க ஆரம்பிச்சார். மலைநடையில அவரோட நண்பர் சட்டத்தோட கீழ் முனைகளைப் பேன்ட் பின்பாக்கெட்டுல செருகி நடந்தாராம். அதைப் பார்த்துத்தான் பாரத்தை இடுப்புக்கு இறக்கற இடுப்புப்பட்டை யோசனை வந்துச்சு. பை சுகமாச்சு, ரைஃபிள் மட்டும் பாவம், இன்னும் தோள்லயே தொங்குச்சு. அந்தத் தோளையும் பைப்பட்டை பிடிச்சுக்கிச்சு!

அப்புறம் பஞ்சு வெச்ச அகல வார்கள், நியோப்ரீன் வார்கள் வந்துச்சு. நியோப்ரீன் உறுத்தாது, வழுக்கறதும் குறைவு. ஆனா ரப்பர் மாதிரி இழுபடறதால ஒவ்வொரு எட்டுக்கும் துப்பாக்கி குதிக்கும். சுடும்போது கையில இறுக்கவும் உதவாது. வாரைக் கழுத்து வழியா குறுக்கா போட்டா, அவசரத்துக்குக் கழட்ட முடியாம சிக்கிக்கும். தோள்ல இருந்து நழுவறது வெறும் எரிச்சல் இல்லீங்க. சரிவுல கால் வைக்கற நேரம் பார்த்து 4 கிலோ இரும்பு முழங்கைக்கு வந்தா, ஆளே உருண்டுடுவான். குழல்ல தோட்டா இருந்தா நெனச்சுப் பாருங்க.

வாரை எவ்வளவு மாத்தினாலும் தோள் ஒண்ணுதானே. அதனால சிலர் தோளையே விட்டுட்டாங்க. கட்டைப் பகுதியை இடுப்புப்பட்டையில தொங்குற சின்ன உறையில நிறுத்தி, குழலைப் பையோட தோள்பட்டையில ஒரு பட்டையால கட்டிடறது. ஒரே இழுப்புல கழண்டு கைக்கு வந்துடும். பாரம் இடுப்புக்குப் போயிடும், ரெண்டு கையும் ஃப்ரீ. கெல்ட்டி பைக்குச் செஞ்ச அதே வேலை!

கிஃபாருங்கற அமெரிக்கக் கம்பெனி விக்கிற இந்தச் சாதனத்தோட பேரு என்ன தெரியுமா? 'கன் பேரர்'. கிஃபாருன்னா ஸ்வாஹிலி மொழியில காண்டாமிருகம். ஒரு காலத்துல பகாரியும் முகமதும் செஞ்ச வேலையை இன்னைக்கு ரெண்டு பட்டையும் ஒரு உறையும் செய்யுது. பேரு மட்டும் அப்படியே இருக்கு.

ரூஸ்வெல்ட் கொண்டுவந்த விலங்குகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பத்திரமா வெச்சுது. அந்த ரெண்டு பேர் தோள்ல விழுந்த தழும்பை எந்த அருங்காட்சியகத்துல வெச்சிருக்காங்க?

டிஸ்கி: கேம்ப்ல அந்த .303-ஐக் கடைசி ரெண்டு கிலோமீட்டர் என் நண்பன்தான் தூக்கிட்டு வந்தான். அவன் தோள் வலிச்சுதான்னு நான் கேட்கவே இல்லை. இந்தப் பதிவு அவனுக்கு.