வேலூரில் ஹீமோஃபிலியா ஆய்வின் வளர்ச்சி: சிற்றளவு மருந்து முதல் மரபணுச் சிகிச்சை வரை

இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பதாலோ முற்றிலும் இல்லாமற்போவதாலோ வருபவை பரம்பரை இரத்தக்கசிவு நோய்கள். இவற்றுள் அதிகம் அறியப்பட்டது ஹீமோஃபிலியா. உறைதல் காரணி 8 குறைந்தால் அது ஏ வகை. காரணி 9 குறைந்தால் பி வகை. ஏ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவரையும், பி வகை ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவரையும் தாக்குகிறது. தமிழகத்தில் இந்நோய் பற்றிய ஆய்வு நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கு மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தம் குழுவினருடன் மேற்கொண்ட ஆய்வுகள் எப்படி வளர்ந்தன என்பதையும், அவற்றின் பயன் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களுக்கு எவ்வாறு சேர வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் இயல்பு

காரணியின் அளவு இயல்பில் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் நோய் கடுமையானது. 1 முதல் 5 சதவீதம் வரை இருந்தால் நடுத்தரமானது. அதற்கு மேல் 40 சதவீதம் வரை மிதமானது. கடுமையான நோயுள்ளவருக்கு அடிபடாமலேயே மூட்டுக்குள் இரத்தம் கசியும். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூன்றும்தான் அதிகம் பாதிக்கப்படுபவை. முழங்காலுக்குள் மீண்டும் மீண்டும் கசியும் இரத்தத்திலுள்ள இரும்புச்சத்து, மூட்டின் உட்சவ்வைத் தடிக்கச் செய்து குருத்தெலும்பை அரிக்கிறது. கால் மடங்கியபடியே இறுகிவிடுகிறது. சிகிச்சை கிடைக்காத சிறுவன் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஊன்றுகோலைத் தேட நேர்கிறது.

இந்நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வருகிறது. ஆயினும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றமே அங்குக் காரணம்.

உலகப் பின்னணி

1803இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ, ஆண்களை மட்டும் தாக்கும் குடும்ப இரத்தக்கசிவை விவரித்தார். 1952இல் காரணி 9 குறைவு தனி நோயாக இனங்காணப்பட்டது. 1960களின் நடுவில் ஜூடித் பூல், இரத்த நீர்மத்தை உறையவைத்து மெதுவாக இளக்கினால் காரணி 8 செறிந்த வீழ்படிவு கிடைக்கும் என்று காட்டினார். கிரையோபிரெசிபிடேட் எனப்படும் இது, இரத்த வங்கி உள்ள எந்த மருத்துவமனையிலும் தயாரிக்கக்கூடியது என்பதால் ஏழை நாடுகளுக்கும் கைகொடுத்தது. அடுத்து வந்த செறிவூட்டிய காரணி மருந்துகள் வாழ்நாளை நீட்டின. ஆனால் 1980களில் அவற்றின் வழியே எச்.ஐ.வி. பரவி மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். வைரஸை அழிக்கும் முறைகளும், 1984இல் காரணி 8 மரபணு பிரித்தெடுக்கப்பட்டதும் பாதுகாப்பான மருந்துக்கு வழிவகுத்தன. இந்தியாவில் 1983இல் அசோக் வர்மா ஹீமோஃபிலியா கூட்டமைப்பைத் தொடங்கியபோது, இம்மருந்துகள் மிகச் சிலருக்கே எட்டின.

சிற்றளவு மருந்தும் அறுவை சிகிச்சையும்

வேலூரில் மருத்துவர் மேமன் சாண்டி வளர்த்தெடுத்த இரத்தவியல் துறையில் 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. அத்துறையில் பணியாற்றிய ஸ்ரீவாஸ்தவா கையிலெடுத்த முதன்மையான கேள்வி மருந்தின் அளவு பற்றியது. மேலைநாட்டு முறைப்படி ஒரு பெரிய அறுவை சிகிச்சைக்குத் தேவைப்படும் மருந்தின் விலை, இந்தியக் குடும்பம் ஒன்றின் பல ஆண்டு வருமானத்தை விழுங்கிவிடும். அவ்வளவு மருந்து உண்மையிலேயே தேவைதானா என்று சோதித்துப் பார்ப்பதே அவர் குழுவின் நோக்கம். குறைந்த அளவு காரணியை இடைவெளி விட்டுச் செலுத்தியே அறுவைக்குப் பிந்தைய இரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தலாம் என்பதைக் காட்டும் கட்டுரையை ஸ்ரீவாஸ்தவா, சாண்டி முதலியோர் 1998இல் ‘ஹீமோஃபிலியா’ ஆய்விதழில் வெளியிட்டனர்.

குறைந்த அளவு என்பதன் பொருளை உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் வழிகாட்டியில் உள்ள இரண்டு அட்டவணைகள் விளக்குகின்றன. ஏ வகை நோயாளிக்குப் பெரிய அறுவை செய்யும்போது, வசதியுள்ள நாடுகளில் அறுவைக்கு முன் காரணியை 80 முதல் 100 சதவீதத்துக்கு உயர்த்தி, முதல் மூன்று நாள் 60–80 சதவீதமாகவும், இரண்டாம் வாரத்தில் 30–50 சதவீதமாகவும் வைத்திருப்பார்கள். வசதி குறைந்த இடங்களுக்கான அட்டவணையில் இந்த அளவுகள் முறையே 60–80, 30–40, 10–20 சதவீதம். இந்த இடைவெளிதான் அறுவை நடக்குமா, நடக்காமலே போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இயக்கத்தை அளத்தல்

சிகிச்சை பயனளிக்கிறதா என்பதை அறிய மூட்டின் எக்ஸ்ரே படம் மட்டும் போதாது. நோயாளி அன்றாட வேலைகளைத் தாமே செய்ய முடிகிறதா என்பதையும் அளக்க வேண்டும். இதற்காக வேலூரில் எலும்பியல் மருத்துவர் பிரதீப் பூண்ணூஸும் ஸ்ரீவாஸ்தவாவும் சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் ‘ஃபிஷ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. உண்ணுதலும் தன்னைச் சீர்செய்துகொள்வதும், குளித்தல், உடுத்தல், நாற்காலியில் அமர்ந்து எழுதல், குந்தி எழுதல், நடத்தல், படியேறுதல், ஓடுதல் என எட்டுச் செயல்களை நோயாளி செய்துகாட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 32.

குந்தி எழுவதை இப்பட்டியலில் சேர்த்தது பொருத்தமான முடிவு. தரையில் அமர்ந்து உண்டு, குந்தியே கழிப்பறையைப் பயன்படுத்தும் மக்களிடையே, முழங்கால் மடங்காதவர் பிறர் துணையின்றி ஒரு நாளைக் கழிப்பது கடினம். இந்திய வாழ்க்கை முறையிலிருந்து பிறந்த இந்த அளவுகோல் பின்னர்ப் பல நாடுகளிலும் பயன்பாட்டுக்கு வந்தது.

மரபணு ஆய்வும் உறவுமுறைத் திருமணமும்

வேலூர்க் குழுவினர் நோயாளிகளின் காரணி மரபணுக்களில் உள்ள பிழைகளையும் இனங்கண்டு வெளியிட்டனர். கடுமையான ஏ வகை நோயாளிகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்குக் காரணி 8 மரபணுவின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கும். குடும்பத்திலுள்ள பிழை தெரிந்துவிட்டால், நோயாளியின் அக்கா, தங்கை, சித்தி ஆகியோருள் அதைச் சுமப்பவர் யார் என்று உறுதியாகச் சொல்லலாம். கருவிலேயே நோயை அறியவும் முடியும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துவது அவசியம். உறவுக்குள் மணப்பதால் ஹீமோஃபிலியா வருவதில்லை. ஆனால் காரணி 7, 10, 13 ஆகியவற்றின் குறைபாடு, தட்டணுக்கள் ஒட்டாத கிளான்ஸ்மன் நோய் போன்றவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் தோன்றும். தாய்மாமனை மணப்பதும் அத்தை மகனை மணப்பதும் வழக்கமாக உள்ள தென்னிந்தியாவில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. காரணி 13 குறைபாட்டின் முதல் அறிகுறி பெரும்பாலும் பிறந்த சில நாள்களில் தொப்புள்கொடியிலிருந்து நிற்காமல் கசியும் இரத்தம். வழக்கமான உறைதல் சோதனைகளில் இது தெரியாது. தனிச் சோதனை தேவை.

உலக வழிகாட்டி நெறிகள்

உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு வழிகாட்டிக்கும், 2020இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்புக்கும் முதன்மை ஆசிரியர் ஸ்ரீவாஸ்தவா. கசிந்தபின் மருந்து போடுவதைக் காட்டிலும், கசியாமல் காக்கத் தொடர்ந்து மருந்து போடுவதே சரியான சிகிச்சை என்று 2020ஆம் ஆண்டுப் பதிப்பு வலியுறுத்துகிறது. 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு உயர்ந்த அளவு முறையில் ஒரு தடவைக்கு 500 முதல் 800 யூனிட் வரை தேவை. சிற்றளவு முறையில் கிலோவுக்கு 10–15 யூனிட், அதாவது 200 முதல் 300 யூனிட், வாரம் இரண்டு மூன்று முறை போடப்படுகிறது. இது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனால் ஒன்றும் போடாமல் இருப்பதைவிடப் பன்மடங்கு மேல்.

மரபணுச் சிகிச்சை

ஸ்ரீவாஸ்தவா பொறுப்பு வகித்த வேலூர் குருத்தணு ஆய்வு மையம், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து அடுத்த கட்டத்துக்குச் சென்றது. பிற நாடுகளில் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சைகள், ஏஏவி என்னும் வைரஸ் மூலம் கல்லீரலுக்கு மரபணுவைக் கொண்டுசேர்ப்பவை. அந்த வைரஸுக்கு எதிர்ப்பாற்றல் உள்ளவர்களுக்கு அவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. வேலூரில் நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களையே பிரித்தெடுத்து, லென்டிவைரஸ் மூலம் காரணி 8 மரபணுவை ஏற்றினார்கள். பின்னர் மருந்துகளால் மஜ்ஜையில் இடம் ஏற்படுத்தி, அவ்வணுக்களை நோயாளியின் உடலிலேயே திரும்பச் செலுத்தினார்கள்.

2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இதன் முடிவுகள் வெளியாயின. பங்கேற்ற ஐவரும் கடுமையான ஏ வகை நோயாளிகள்; வயது 22 முதல் 41 வரை. மரபணு ஏறுவதைக் கூட்டும் துணைப்பொருள் சேர்க்காத இருவருக்குக் காரணியின் அளவு 5.2, 1.7 சதவீதம். அது சேர்க்கப்பட்ட மூவருக்கு 37.1, 19.3, 39.9 சதவீதம். ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் இரத்தக்கசிவு விகிதம் சுழியம். ஐவரிடம் கிடைத்த வெற்றியை எல்லோருக்கும் உரிய சிகிச்சையாகக் கொள்ள இயலாது. மஜ்ஜையைத் தயார்செய்யும் மருந்துகளின் பக்கவிளைவுகளையும், நீண்டகாலப் பாதுகாப்பையும் இன்னும் பல ஆண்டுகள் கவனிக்க வேண்டியுள்ளது.

புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் தேவை

வேலூர், புதுக்கோட்டையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மூட்டில் கசிவு தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து போடுவது நல்லது என்கிறது உலக வழிகாட்டி. எனவே மணமேல்குடிச் சிறுவனுக்கோ பொன்னமராவதிச் சிறுவனுக்கோ தேவை மாவட்டத்துக்குள்ளேயே நிறைவேறியாக வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகள் காரணி மருந்தை இலவசமாக வழங்குகின்றன. 2017இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபிலியாவையும் பட்டியலில் சேர்த்துள்ளது. இருந்தும் நோயைக் கண்டறிந்தால்தான் இவை பயன்படும். தடுப்பூசி போட்ட இடம் வீங்கிக் கன்றிப்போவது, தவழத் தொடங்கியதும் முழங்காலில் நீலத் திட்டுகள், பல் விழுந்தபின் நிற்காத கசிவு ஆகியவை தாய்மார்களும் கிராமச் செவிலியர்களும் அறிந்திருக்க வேண்டிய அறிகுறிகள். முதற்படியாக ஏபிடிடி என்னும் எளிய உறைதல் சோதனை, அடுத்துக் காரணி அளவுச் சோதனை என்ற வரிசை மாவட்ட மருத்துவமனையிலேயே அமைய வேண்டும்.

முடிவுரை

வேலூர் ஆய்வுகளின் தனிச்சிறப்பு, குறைந்த மருந்தில் அதிகப் பயன் பெறுவது எப்படி என்ற கேள்வியை ஏழை நோயாளியின் நிலையிலிருந்து எழுப்பியதும், அதற்கான விடையை உலக வழிகாட்டியில் இடம்பெறச் செய்ததும் ஆகும். மரபணுச் சிகிச்சை பரவலாகும் வரை, நோயை உரிய வயதில் கண்டறிந்து சிற்றளவு மருந்தையாவது தவறாமல் போடுவதே மூட்டுகளைக் காக்கும் வழி. அதற்கான மருந்தும் அறிவும் தமிழகத்தில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள குழந்தைக்குக் கொண்டுசேர்ப்பது மருத்துவத் துறையின் கடமை.