புள்ளி மறைந்தது, நோய் மறைந்ததா?

கடல்மீன் தொட்டி ஒன்றில் உள்ள வண்ணத்துப்பூச்சி மீனின் துடுப்பில் ஒரு நாள் காலை உப்புத்தூள் தூவியதுபோல் ஏழெட்டு வெண்புள்ளிகள் தென்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் பாறையில் உடலை உரசுகிறது. செவுள்மூடி விரைந்து திறந்து மூடுகிறது. நீங்கள் கடைக்கு ஓடி, ஏதோ ஒரு மருந்தை வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுகிறீர்கள். நான்காம் நாள் பார்த்தால் ஒரு புள்ளியையும் காணோம். மீன் இரை எடுக்கிறது. மருந்து வென்றுவிட்டது என்று மகிழ்கிறீர்கள். அடுத்த வாரம் அதே மீனின்மேல் நூறு புள்ளிகள். பக்கத்து மீன்களின்மேலும் அப்படியே. அதற்கடுத்த வாரம் தொட்டியில் நீர் இருக்கிறது, மீன் இல்லை.

இந்த ஏமாற்றம் வீட்டில் மீன் வளர்ப்போருக்கு மட்டும் உரியதன்று. உலகின் பெரிய மீன் காட்சிசாலைகளே இதில் அகப்பட்டுத் தவித்திருக்கின்றன. மருந்து ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்த நான்காம் நாளில் புள்ளிகள் மறைந்தே இருக்கும் என்பதை அறிந்துகொள்ள ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பொதுமக்கள் பார்ப்பதற்கென முதல் மீன் காட்சிசாலை 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறக்கப்பட்டது. அதே இடத்தில் 1924இல் பெரியதொரு புதிய மீன் காட்சிசாலை எழுந்தது. லண்டன் கடற்கரை நகரமன்று என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கடல்நீரை நாள்தோறும் மாற்றுவது ஆகாத காரியம். கொண்டுவந்த நீரையே வடிகட்டி மீண்டும் மீண்டும் சுற்றவிட வேண்டும். ஊரெல்லாம் ஒரே குளத்து நீரைக் குடிப்பது போன்ற நிலைமை இது. ஒரு தொட்டியில் நோய் புகுந்தால் மற்றவற்றுக்குப் போக அதற்குக் கதவு திறந்தே இருக்கும்.

அப்படி ஒரு நோய் அங்கே புகுந்தது. மடிந்த மீன்களின் செவுள்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிரௌன் என்னும் ஆய்வாளர், அவற்றில் வேர்விட்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செல் உயிரி ஒன்றைக் கண்டு, 1931இல் அதற்கு ஊடினியம் ஒசெல்லேட்டம் எனப் பெயரிட்டார். பின்னாளில் அது அமைலோடினியம் ஆயிற்று. மீன் வளர்ப்போர் இதனை வெல்வெட் நோய் என்பர். மீனின் மேல் மெல்லிய பொன்தூசு படிந்ததுபோல் தோன்றும். பிரௌன் 1934இல் அதன் வாழ்க்கைச் சுற்றையும் விளக்கினார். நியூயார்க் மீன் காட்சிசாலையின் நோயியல் வல்லுநர் ராஸ் நிக்ரெல்லி 1936இல் அதே உயிரியை மேலும் நுணுகி ஆராய்ந்தார்.

நிக்ரெல்லி பணியாற்றிய கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. காசில் கார்டன் என்னும் அந்த வட்டமான கோட்டையில்தான் 1855 முதல் 1890 வரை அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்கள் இறங்கினார்கள். அவர்களுடைய கப்பல்களில் தொற்றுநோய் உண்டா என்று துறைமுகத்துக்கு வெளியே, ஸ்டேட்டன் தீவருகே நிறுத்திச் சோதித்த பிறகே உள்ளே விட்டனர். 1896இல் அதே கட்டடம் மீன் காட்சிசாலையாயிற்று. 1941 வரை அங்கே இயங்கியது. மனிதருக்கு அன்று கடைப்பிடித்த அந்த எச்சரிக்கை புதிதாக வரும் மீனுக்கும் வேண்டும் என்பது வீட்டுத் தொட்டிகள்வரை வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

இனி நாம் தொடங்கிய வெண்புள்ளிக்கு வருவோம். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயின் கிருமியை 1876இலேயே ஃபூகே என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் விவரித்திருந்தார். கடல்மீன்களிலும் அதுபோன்ற ஒன்று உண்டென்று 1937இல் ஜப்பானில் சிகாமா எழுதினார். லண்டனில் பிரௌனும் அதைக் கண்டு, 1951இல் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற பெயரை வழங்கினார். சிகாமாவின் உயிரிக்கு 1961இல் நன்னீர்க் கிருமியின் குடும்பப் பெயரையே சூட்டினார்கள். ஆனால் பெயரிடும் விதிப்படி முந்தியதே நிலைக்கும் ஆதலால் பிரௌனின் பெயரே நின்றது. விதியினால் நின்ற பெயர் உண்மையினாலும் நின்றது என்பது சுவையான செய்தி. பிற்காலத்து மரபணு ஆய்வுகள் இவ்விரு கிருமிகளும் நெருங்கிய உறவினரல்ல என்று காட்டிவிட்டன. புள்ளி ஒன்றுபோல் இருந்ததே தவிர, குலம் வேறு. நன்னீர்த் தொட்டியை நன்றாகச் சூடேற்றினால் அங்குள்ள வெண்புள்ளிக் கிருமி நலிந்துபோகும். அந்த வைத்தியத்தை நம்பிக் கடல்நீரைச் சூடேற்றியவர்கள் ஏமாந்தார்கள். வெப்பக் கடல்களில் வாழும் கிருமிக்கு 30 பாகை வெப்பம் சொந்த ஊர்போலத்தான்.

இக்கிருமி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, மூன்று முதல் ஏழு நாள்வரை அதன் திசுவைத் தின்று கொழுக்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இந்தப் பருவமே. வயிறு நிறைந்ததும் தானாகவே மீனைவிட்டு வெளியேறிவிடுகிறது. இதைத்தான் நாம் "குணமாகிவிட்டது" என்கிறோம்! வெளியேறியது தரையிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, சில மணி நேரத்தில் தன்னைச் சுற்றி உறுதியான கூடு ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. கூட்டினுள் அது பிளந்து பிளந்து இருநூறுவரை குஞ்சுகளாகப் பெருகும். பெரும்பாலான கூடுகள் ஒரு வாரத்தையொட்டி வெடிக்கும். சில மூன்றாம் நாளே வெடிக்கும். மிகப் பிந்திய கூடு 72ஆம் நாள் வெடித்ததாகப் பதிவாகியுள்ளது. வெளிவந்த குஞ்சுகளோ ஓரிரு நாளில் மடிந்துவிடும். மீனைத் தொற்றும் ஆற்றல் அவற்றுக்குச் சில மணி நேரமே முழுமையாக இருக்கும்.

விரிந்த கடலில் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு மீனைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆயினும் இக்கிருமிக்கு ஒரு சூழ்ச்சி உண்டு. இங்கிலாந்தில் பர்ஜெஸ், மாத்யூஸ் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், குஞ்சுகள் பெரும்பாலும் பின்னிரவு இரண்டு மணிக்கும் காலை ஒன்பது மணிக்கும் இடையிலேயே வெளிவருகின்றன என்று கண்டனர். கூடுகளைத் தொடர்ந்து இருட்டில் வைத்தபோதும் இந்த நேரக்கணக்கு மாறவில்லை. மீன் பாறையோரத்தில் அசையாமல் உறங்கும் வேளை அதில் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். கடலிலேயே இப்படியென்றால், நூறு லிட்டர் தொட்டியில் அக்குஞ்சுகளுக்கு வேட்டை எவ்வளவு எளிது!

மருந்தின் கதை தனி. சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சிசாலையைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர் வெல்வெட் நோய்க்குத் தாமிர சல்பேட்டைப் பயன்படுத்தும் முறையை 1955இல் வெளியிட்டார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மயில்துத்தம் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே நீலப் படிகம்தான். திராட்சைத் தோட்டங்களில் பூசண நோயை விரட்ட பிரான்சில் 1880களிலேயே அதைச் சுண்ணாம்புடன் கலந்து தெளித்தார்கள். டெம்ப்ஸ்டருக்குப் பின் வெண்புள்ளிக்கும் தாமிரமே கைகண்ட மருந்தாயிற்று.

ஆனால் இது கத்திமுனை மருந்து. ஒரு லிட்டர் நீரில் 0.15 முதல் 0.20 மில்லிகிராம்வரை தாமிரம் கரைந்திருக்க வேண்டும். குறைந்தால் கிருமி பிழைக்கும். கூடினால் மீன் சாகும். மயில்துத்தத்தின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கே தாமிரம். ஆகவே 50 லிட்டர் நீருக்குச் சுமார் 40 மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகைகூட அளவுக்கு மிஞ்சிவிடும். அதுமட்டுமன்று. தாமிரம் தோலுக்கடியில் இருப்பதையும் தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தி வரும் குஞ்சைமட்டுமே கொல்லும். ஆகவே ஒரு நாள் ஊற்றிவிட்டு ஓய்ந்துவிட முடியாது. வாரக்கணக்கில், வழக்கமாக ஒரு மாதமேனும், அளவு குறையாமல் நீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைக் காட்சித் தொட்டியிலேயே செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பலர் செய்தார்கள், பயனில்லை. அடியில் பரப்பிய பவள மணலும் பாறையும் கால்சியம் கார்பனேட்டு. ஊற்றிய தாமிரம் அதில் படிந்து நீரிலிருந்து மறைந்துவிடும். காலையில் சரியாயிருந்த அளவு மாலையில் இராது. மேலும் ஊற்றினால் எந்த நேரத்தில் எவ்வளவு இருக்கிறதென்ற கணக்கே தவறிப்போகும். அத்தோடு இறால், சங்கு, பவளம், கடல் அனிமோன் ஆகியவற்றுக்குத் தாமிரம் கொடிய நஞ்சு. ஆக, மணலற்ற, பாறையற்ற, வெறுமையான தனித்தொட்டி ஒன்று வேண்டியதாயிற்று.

பெருநோய்க் காலத்தில் கப்பல்களை ஒதுக்கி நிறுத்தும் வழக்கத்தை 1377இல் ரகுசா என்ற துறைமுக நகரம் தொடங்கியது. அங்கே முப்பது நாள். பிறகு வெனிஸ் நகரத்தார் நாற்பது நாளாக்கினர். நாற்பது என்ற அவர்களுடைய சொல்லிலிருந்தே குவாரன்டைன் என்ற சொல் பிறந்தது. அதுவே மீன் தொட்டிக்கும் பெயராயிற்று.

வெறுமையான தொட்டியில் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. என் கணிப்பில், தனித்தொட்டியில் மடியும் மீன்களில் பல நோயால் மடிவதில்லை. தம் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவால் மடிகின்றன. அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா பழகிய தொட்டியில் உண்டு. நேற்று நிரப்பிய தொட்டியில் இல்லை. கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. ஆகவே அனுபவசாலிகள் நோய் வருமுன்பே ஒரு நுரைப்பஞ்சு வடிகட்டியைப் பல வாரம் ஓடவிட்டுப் பழக்கி வைப்பார்கள். மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், காற்றுக் குமிழி, சூடேற்றி, நாள்தோறும் நீர்ச் சோதனை, தேவைப்பட்டால் பாதி நீரை மாற்றுதல் — இவ்வளவே அந்த மருத்துவமனை. மாற்றும் புது நீரிலும் அதே அளவு தாமிரம் கலந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவோர் உண்டு.

மருந்தே இல்லாமல் நோயை வெல்லும் வழி செங்கடலின் வடகோடியில் உள்ள ஐலாட்டிலிருந்து வந்தது. அங்கே வளர்ப்பு மீன்களைக் காக்க முயன்ற ஆஞ்சலோ கொலோர்னி, கிருமியின் நாள்கணக்கையே அதற்கு எதிராகத் திருப்பினார். விழுந்த கூடு மூன்று நாளுக்குமுன் வெடிப்பதில்லை அல்லவா? அப்படியானால் மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான, உலர்ந்து கிடந்த வேறு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால்? கூடுகள் பின்தங்கிவிடும், பழைய தொட்டியைக் காயவிட்டால் அவை அழியும். நான்கு மாற்றங்களில் மீன் தூய்மையாகிவிடும். நீரின் உப்பை லிட்டருக்கு 10 கிராமாகக் குறைத்து, மூன்று மணி நேரம் வைத்து, மூன்று நாள் இடைவெளியில் நான்கு முறை செய்து கிருமியை ஒழித்ததையும் அவர் 1985இல் வெளியிட்டார். கடலில் இயல்பாக 35 கிராம் அளவுக்கு உப்பு உண்டு. எனினும் இந்த முறையை எல்லாவற்றுக்கும் நம்ப முடியாது. வெல்வெட் கிருமி உப்புக் குறைவைப் பொருட்படுத்துவதில்லை. வெண்புள்ளிக் கிருமியே 5 கிராம் உப்புள்ள நீரில் தாக்கியதாகத் தைவானிலிருந்து 2003இல் செய்தி வந்தது.

மீன் இப்படித் தனித்தொட்டியில் நலம் பெறும்போது, பெரிய தொட்டியை என்ன செய்வது? ஒன்றும் செய்யக்கூடாது. ஒரு மீன்கூட இல்லாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும். இறாலும் சங்கும் பவளமும் அங்கேயே இருக்கலாம். இக்கிருமி அவற்றைத் தின்று வாழாது. வெடித்த குஞ்சுகள் மீனைத் தேடித் தேடி மடியும். அந்த 72ஆம் நாள் கூட்டை நினைத்து 76 நாள் காத்திருப்பது இன்று பலரும் கொள்ளும் கணக்கு. வெனிஸ் நகரத்தாரின் நாற்பது நாள் இங்கே போதாது.

இரண்டரை மாதம் மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது சிறிய காரியமன்று. அறுபதாம் நாளில் மனம் தளர்ந்து, கடையில் கண்ட அழகான மீனை நேரே தொட்டிக்குள் விட்டவர்கள் ஏராளம். நோயிலிருந்து தப்பிய மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். கடையிலிருந்து வரும் அந்தப் புதிய மீனும் அப்படித் தப்பிய ஒன்றாக இருக்கலாம். புள்ளி ஒன்றும் இராது. செவுளுக்குள் இரண்டு மூன்று கிருமிகள் மட்டும் இருக்கும். ஆகையால் அதற்கும் முதல் இடம் தனித்தொட்டிதான். அத்தொட்டியில் நனைத்த வலையையும் வாளியையும் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகாமல், வெயிலில் நன்றாக உலர்த்தித் தனியே மாட்டி வையுங்கள்.